சிறப்புக் கல்வி படித்த ஆசிரியை எங்களுக்குச் சொல்லித் தந்த நான்கு கேள்விகள்



மூன்று ஆண்டுகளுக்கு முன், ரமளான் மாதத்தில், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் உள்ள 12 குடும்பங்களுக்கு நம் அறக்கட்டளை ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தது. வெளிநாட்டில் உழைக்கும் நம் சகோதரர்கள் அனுப்பிய ஸதகா பணத்தில் வாங்கியவை அவை. கொடுக்கும்போது எடுத்த படம் இந்த நல மடலின் அட்டையில் வந்தது. பார்த்தவர்கள் துஆச் செய்தார்கள். எங்களுக்கும் மனம் நிறைந்திருந்தது.

மறு வருடம் அந்த 12 வீடுகளுக்கும் போய்ப் பார்த்தோம். இரண்டு வீடுகளில் டேப்லெட்டின் கண்ணாடி உடைந்து கிடந்தது. ஒரு வீட்டில் அது அடகுக் கடைக்குப் போயிருந்தது. அந்தக் குடும்பத்தின் நிலை தெரியும் என்பதால் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. ஐந்து வீடுகளில் அண்ணன் தம்பிகள் விளையாட்டுக்கும் யூடியூபுக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வீடுகளில் உறைகூடப் பிரிக்காமல் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஒரே ஒரு வீட்டில், பார்வையில்லாத ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாடத்தைத் தானே கேட்டுப் படித்துக்கொண்டிருந்தான்.

பணம் தந்தவர்களுக்கு நாங்கள் தரவேண்டிய அமானிதக் கணக்கு இது. அதனால் மறைக்காமல் எழுதுகிறோம். தவறு அந்தக் குடும்பங்களுடையது அல்ல, எங்களுடையது. எங்கே தவறினோம் என்பதை எங்களுக்குப் புரியவைத்தது ஒரு படிப்பு. அந்தப் படிப்பைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

ஒரு வீட்டில் மட்டும் பயன்பட்டது எப்படி?

அந்தப் பையனின் பள்ளிக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் வந்துபோகிறார். டேப்லெட்டைக் கையில் வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை, அதன் அமைப்புகளுக்குள் போய் டாக்பேக் வசதியைத் திறந்தது. திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதை அது தமிழில் வாசித்துச் சொல்லும். பிறகு, விரலை எப்படி நகர்த்துவது, எங்கே இரண்டு முறை தட்டுவது என்று ஒரு மாதம் கைபிடித்துப் பழக்கியிருக்கிறார். அவ்வளவுதான். இதே டாக்பேக் மற்ற 11 டேப்லெட்டுகளிலும் இருந்தது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. அது இருப்பதும் எங்களுக்குத் தெரியாது, அது எந்தப் பிள்ளைக்கு உதவும், எந்தப் பிள்ளைக்கு உதவாது என்பதும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் படிப்பை முடித்து ஊர் திரும்பினார். பி.எஸ்ஸி. கணிதம் படித்தவர். வழக்கமான பி.எட். படிக்காமல், சிறப்புக் கல்வியில் பி.எட். படித்தார். அவருடைய கல்விக் கட்டணத்தில் பாதியை அறக்கட்டளை கொடுத்திருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பணத்தை அனுமதிக்கும்போது எங்களில் சிலருக்கு மனமில்லை. "பி.எட்.தானே, உள்ளூரிலேயே படிக்கலாமே" என்று கேட்டவர்கள் உண்டு. இப்போது அவரிடமே எங்கள் கணக்கைக் காட்டினோம். அவர் சிரிக்கவில்லை, குறை சொல்லவும் இல்லை. எங்கள் செயலாளரைப் பார்த்து, "மாமா, கடைசியா கேக்க வேண்டிய கேள்விய நீங்க முதல்ல கேட்டுட்டீங்க" என்றார்.

நான்கு கேள்விகள் அவருடைய வகுப்பில் சொல்லித் தரப்பட்டவை. அமெரிக்காவைச் சேர்ந்த ஜாய் ஸபாலா என்ற கல்வியாளர் 1990-களில் வகுத்த முறை அது. முதல் கேள்வி பிள்ளையைப் பற்றியது: இவனால் எது முடிகிறது, எது சிரமம்? இரண்டாவது சூழல்: எங்கே உட்காருகிறான், யார் கூட இருக்கிறார்கள், வெளிச்சம், இரைச்சல் எப்படி? மூன்றாவது வேலை: அந்த இடத்தில் அவன் செய்யவேண்டியது என்ன? படிப்பதா, எழுதுவதா, 'தண்ணீர் வேண்டும்' என்று சொல்வதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே நான்காவது, கருவி. சில நேரம் அது டேப்லெட்டாக இருக்கும். பல நேரம் ஒரு அட்டை, ஒரு தலையணை, பென்சிலில் சுற்றிய ரப்பர் என்று முடிந்துவிடும்.

நாங்கள் 12 பிள்ளைகளுக்கும் நான்காவது கேள்வியின் பதிலை முதலில் வாங்கி, மொத்த விலையில் தள்ளுபடியும் கேட்டு, ஒரே மாதிரி கொடுத்துவிட்டோம்.

இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் சிறப்புக் கல்வி ஆசிரியர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது இந்திய மறுவாழ்வு மன்றம். ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் அமைப்பு. பொது பி.எட்.டில் இருக்கும் குழந்தை உளவியல், பாடம் நடத்தும் முறை ஆகியவை இதிலும் உண்டு. அவற்றோடு பார்வைக் குறை, செவித்திறன் குறை, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, உடல் இயக்கக் குறை என்று எல்லாவற்றுக்கும் அறிமுகம் இருக்கும். பிறகு ஏதாவது ஒன்றைச் சிறப்புப் பாடமாக எடுத்து ஆழமாகப் படிக்க வேண்டும். அதில் ஐந்து தாள்கள் வருகின்றன: பிள்ளையின் தேவையைக் கண்டறிதல், பாடத்திட்டத்தை அதற்கேற்ப மாற்றுதல், கற்பிக்கும் வழிகள், தொழில்நுட்பம், குடும்பமும் மனநலமும்.

இந்த வரிசையைப் பாருங்கள். தொழில்நுட்பம் நான்காவதாகத்தான் வருகிறது. அதற்கு அடுத்தே குடும்பம் இருக்கிறது. அந்தச் சகோதரி சொன்னது: "தொழில்நுட்பத் தாளை நான் ராத்திரி கண்முழிச்சுப் படிச்சேன். ஆனா குடும்பத் தாள்தான் ஊருக்கு வந்த பிறகு தினமும் வேலைக்கு ஆகுது." பிள்ளைக்குக் குறை என்று தெரிந்ததும் தாயைக் குற்றம் சொல்வது, கல்யாண வீட்டுக்கு அந்தப் பிள்ளையை மட்டும் கூட்டிப்போகாமல் இருப்பது, 'இவளுக்கு எதற்குப் படிப்பு' என்று விட்டுவிடுவது ஆகியவை எல்லாம் அந்தத் தாளில் பாடமாகவே இருக்கின்றனவாம். நம் ஊருக்கென்று எழுதிய மாதிரி இருக்கிறது.

எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. சிறப்புப் பள்ளியிலும் சாதாரணப் பள்ளியிலும் வகுப்பெடுத்துப் பயிற்சி பெற வேண்டும். ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு, தனிநபர் கல்வித் திட்டம் எழுதி, அது எவ்வளவு நடந்தது என்று பதிவு செய்ய வேண்டும்.

ஒன்பது வயதுப் பெண் பிள்ளை

எங்கள் 12 வீடுகளில், பீரோவில் டேப்லெட்டைப் பூட்டி வைத்திருந்த வீடு ஒன்று. மூளை முடக்குவாதம் உள்ள ஒன்பது வயதுப் பெண். பேச்சு வராது. கை நினைத்த இடத்துக்குப் போகாது. வீட்டில் உள்ளவர்கள் அவளுடைய அழுகையை வைத்தே பசியா, வலியா என்று தெரிந்துகொள்வார்கள்.

சகோதரி அந்த வீட்டுக்குப் போனபோது டேப்லெட்டைக் கேட்கவே இல்லை. பிள்ளை உட்காரும் விதத்தைத்தான் பார்த்தார். சுவரில் சாய்த்து உட்காரவைத்தால் ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்தாள். சரியாமல் இருக்கவே அவள் பலமெல்லாம் செலவாகும்போது கையை எப்படித் தூக்குவாள்? இயன்முறை மருத்துவர் ஒருவரைக் கலந்து, காலை ஊன்றி நிமிர்ந்து உட்காரும்படி பக்கப்பலகை வைத்த நாற்காலி ஒன்றை உள்ளூர் தச்சரிடம் செய்து வாங்கினார்கள். அந்த நாற்காலி வந்த பிறகுதான் அவளுடைய வலது கை மேசைமேல் ஓரளவு நிலையாக வந்தது.

அடுத்தது அட்டை. நான்கு பெரிய படங்கள். முதலில் அம்மா தேர்ந்தெடுத்தவை எல்லாம் தின்பண்டங்கள்: பிஸ்கட், பால், வாழைப்பழம், பிரியாணி. சகோதரி அவற்றில் இரண்டை எடுத்துவிட்டு 'இன்னும்', 'வேண்டாம்' என்ற இரண்டை வைத்தார். அவருடைய விளக்கம் எங்களுக்குப் புதிது. வாழைப்பழம் என்ற சொல் வாழைப்பழம் இருக்கும்போது மட்டும்தான் பயன்படும். 'இன்னும்', 'வேண்டாம்', 'போதும்', 'வா', 'என்னுடையது' போன்ற சொற்கள் நாள் முழுக்க, எந்த இடத்திலும் பயன்படும். பேசத் தெரிந்த நாம் ஒரு நாளில் பேசுவதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சில நூறு சொற்கள்தான். பேச முடியாத பிள்ளைக்கும் முதலில் அவற்றைத்தான் கொடுக்க வேண்டும்.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் உள்ளவர்கள் பேசும்போதெல்லாம் தாங்களும் அந்தப் படங்களைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அம்மா செய்தார், மற்றவர்கள் கேலி செய்தார்கள். ஒருநாள் மத்தியானம் நன்னிமா சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, பிள்ளை கையை இழுத்து இழுத்துக் கொண்டுபோய் 'வேண்டாம்' படத்தின்மேல் வைத்துவிட்டாள். நன்னிமாவுக்குக் கோபம். "சொல்லித் தந்ததும் இதத்தானா?" என்று கேட்டார். சகோதரிக்கோ அன்று பெருநாள். ஒன்பது வயதில் முதல் முறையாக அந்தப் பிள்ளை தன் விருப்பத்தைச் சொல்லியிருக்கிறது, நமக்குப் பிடித்ததைச் சொல்லவில்லை என்றாலும்.

அதற்குப் பிறகுதான் பீரோவிலிருந்து டேப்லெட் வெளியே வந்தது. சென்னையில் உருவாக்கப்பட்ட 'ஆவாஸ்' என்ற செயலி இருக்கிறது. படத்தைத் தொட்டால் அது குரலாகச் சொல்லும், தமிழிலும் சொல்லும். படங்களைப் பெரிதாக்கி, திரையில் ஆறு மட்டும் இருக்கும்படி வைத்தார். கை தவறிப் பட்டால் எடுத்துக்கொள்ளாமல், சற்று நேரம் அழுத்தினால் மட்டும் எடுத்துக்கொள்ளும்படி மாற்றினார். மற்ற செயலிகள் திறக்காதபடி பூட்டினார். டேப்லெட் அதே டேப்லெட்தான். முந்தைய வருடமே அதைத் திறந்து அவள் முன்னால் வைத்திருந்தால் ஒருநாளில் எரிச்சலடைந்து தள்ளிவிட்டிருப்பாள். நாமும் 'இவளுக்கு அறிவில்லை' என்று முடிவு கட்டியிருப்போம்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு வரும் பயம் எங்களுக்கும் வந்தது: படத்தைத் தொட்டுப் பழகினால் வாய் திறந்து பேசாமலே போய்விடுவாளோ? ஆய்வுகள் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. இப்படிப்பட்ட துணைத் தொடர்புமுறை பேச்சை நிறுத்துவதில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது.

எழுத்து வராதவனுக்கு எழுத்து காட்டும் கருவி

இன்னொரு வீட்டில் காது கேளாத பையன், 13 வயது. பேசுவதைக் கேட்டு எழுத்தாகக் காட்டும் செயலிகள் இப்போது இலவசமாகவே இருக்கின்றன, தமிழிலும் இயங்குகின்றன. யாரோ அவனுடைய டேப்லெட்டில் அதைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவன் பயன்படுத்தவில்லை. 'சோம்பேறி' என்றார் அத்தா. விஷயம் வேறு. ஏழாம் வகுப்புவரை வந்திருந்தாலும் அவனுக்கு ஒரு வாக்கியத்தைப் படித்துப் பொருள் கொள்ள வராது. காது கேளாத பிள்ளைக்குச் சிறு வயதிலேயே ஏதாவது ஒரு மொழி முழுதாகக் கிடைக்க வேண்டும். காது கருவியோ காக்ளியர் சிகிச்சையோ வழியாகப் பேச்சு மொழி கிடைக்கலாம், அல்லது சைகை மொழி கிடைக்கலாம். இவனுக்கு எதுவுமே முழுதாகக் கிடைக்கவில்லை. சொல்லே மனதில் இல்லாதபோது எழுத்து எதைக் குறிக்கிறது என்று எப்படித் தெரியும்?

எனவே அவனுக்கு இப்போது தரப்படுவது இந்திய சைகை மொழி. டெல்லியில் 2015-இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம், 10,000 சொற்கள் கொண்ட காணொளி அகராதியை வெளியிட்டிருக்கிறது. டேப்லெட்டில் அதைப் பார்த்து அவனும், அவன் அம்மாவும், தங்கையும் சேர்ந்து படிக்கிறார்கள். அத்தா இன்னும் சேரவில்லை. தாமதமாகத் தொடங்கியதன் இழப்பு முழுதும் ஈடாகாது என்பதைச் சகோதரி மறைக்காமல் சொன்னார். உங்கள் வீட்டில் கைக்குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்று சந்தேகம் வந்தால், 'அவன் அத்தாவும் தாமதமாகத்தான் பேசினான்' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள ஆரம்பகட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அந்த வாரமே போங்கள். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் ஒருபுறம் நடக்கட்டும். காது பரிசோதனை அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

வகுப்பறையில் இவனைப் போன்றவர்களுக்கு உதவும் விஷயங்களில் பல காசே ஆகாதவை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசும் ஆசிரியர், பிள்ளைக்கு முதுகைத்தான் காட்டுகிறார். எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசினால் உதட்டசைவு தெரியும். முகத்தில் வெளிச்சம் படும்படி, ஜன்னலை எதிர்நோக்கி நிற்க வேண்டும். ஸ்மார்ட் போர்டு வைத்திருக்கும் பள்ளிகளுக்கும் ஒன்று: குறைபார்வை உள்ள பிள்ளைகளில் சிலருக்கு வெள்ளைத் திரையின் கூச்சத்தில் எழுத்தே தெரியாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்ற ஒரு நிமிடம் போதும்.

மக்தபில் நடப்பது

இனி எழுதுவது நம் எல்லோரையும் தொடும். கண்ணும் காதும் நன்றாக இருந்து, கடைக் கணக்கெல்லாம் வாயிலேயே சொல்லி, ஆனால் ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு. இதற்கும் புத்திக் குறைவுக்கும் சம்பந்தமில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளில் இதுவும் ஒன்று.

இந்தப் பிள்ளை காலையில் மக்தபில் வலமிருந்து இடமாக அரபு படிக்கிறது. ஒன்பது மணிக்குப் பள்ளியில் இடமிருந்து வலமாகத் தமிழும் ஆங்கிலமும் படிக்கிறது. அரபில் பா, தா, ஸா மூன்றுக்கும் ஒரே உருவம். புள்ளி கீழே ஒன்றா, மேலே இரண்டா, மூன்றா என்பதுதான் வித்தியாசம். சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம். மற்ற பிள்ளைகள் ஆறு மாதத்தில் தாண்டும் இந்த இடத்தில் இவன் இரண்டு வருடம் நிற்கிறான். உஸ்தாத் கையில் பிரம்பு வந்துவிடுகிறது. நாங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. எங்கள் அறக்கட்டளை நடத்தும் மக்தபிலேயே இது நடந்தது. அடி வாங்கியவன் ஓதுவதையே வெறுத்து வரமறுத்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

சகோதரி எங்கள் உஸ்தாதுடன் இரண்டு மாதம் சேர்ந்து வேலை செய்தார். தட்டில் மணலைப் பரப்பி, எழுத்தை விரலால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்லவைப்பது. குழப்பும் எழுத்துகளை ஒரே நாளில் சேர்த்துத் தராமல், ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு அடுத்ததைத் தருவது. புள்ளிகளுக்கு மட்டும் நிறம் கொடுத்துப் பெரிய எழுத்தில் அச்சிடுவது. இவற்றில் ஒன்றுகூடப் பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஒரே ஒரு கருவி: நல்ல காரியின் ஓதுதலை மெதுவான வேகத்தில், ஒரு ஆயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும் செயலி. எழுத்தைப் பார்த்துப் படிப்பதைவிடக் கேட்டு மனனம் செய்வது இந்தப் பிள்ளைகள் சிலருக்கு எளிதாக இருக்கலாம். எங்கள் பையன் இப்போது ஜுஸ்உ அம்மாவின் கடைசிப் பகுதியை மனனமாக ஓதுகிறான். எழுத்து இன்னும் மெதுவாகத்தான் வருகிறது.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். பார்வையில்லாத அந்த ஸஹாபி கேட்டுவந்தபோது முகம் திருப்பப்பட்டதைச் சுட்டிக்காட்டியே 'அபஸ' அத்தியாயம் இறங்கியது. நாம் பயானில் அத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பின் நபி (ஸல்) அவர்கள் அவரிடம் எந்தப் பொறுப்புகளைக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிலால் (ரலி) அவர்களோடு மதீனாவின் முஅத்தின்களில் ஒருவராக இருந்தார். நபியவர்கள் வெளியூர் சென்ற சில சமயங்களில் மதீனாவின் பொறுப்பையே ஏற்றார். நமது பள்ளிவாசல் நிர்வாகத்தில், மக்தபில், ஒரு மாற்றுத்திறனாளிக்குப் பொறுப்பு கொடுத்து எத்தனை வருடம் ஆகிறது என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். பதில் சொல்லும்படி இல்லை.

படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகள் நம் மஹல்லாவில் அதிகம். அவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் மனதில் வைத்து எழுதுகிறோம்.

சிறப்புக் கல்வி பி.எட்.டில் சேரப் பட்டப் படிப்பில் பொதுவாக 50 விழுக்காடு மதிப்பெண் கேட்கிறார்கள். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு டிப்ளமோ படிப்பு இருக்கிறது. நம் மாநிலத்தில் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. அங்கே படிப்பும் உண்டு, பிள்ளைகளுக்கான சேவைகளும் உண்டு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், கோவையில் ராமகிருஷ்ண மிஷனின் விவேகானந்தா பல்கலைக்கழக வளாகமும் இத்துறையில் பெயர் பெற்றவை. ஆனால் படிப்பின் கால அளவு, எந்த நிறுவனம் எந்த ஆண்டு சேர்க்கை நடத்தலாம் என்ற விதிகள் அண்மைக்காலமாக மாறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே யார் சொன்னாலும் சரி, நாங்களே சொன்னாலும் சரி, மறுவாழ்வு மன்றத்தின் இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரும், அந்தப் படிப்பும், இந்த ஆண்டுக்கான அங்கீகாரமும் இருப்பதைப் பார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள். நம் ஊர்ப் பெண் ஒருவர் அங்கீகாரமில்லாத இடத்தில் 'சிறப்புக் கல்வி டிப்ளமோ' படித்து, நகை விற்ற பணமும் இரண்டு வருடமும் வீணாகி நிற்கிறார்.

படித்து முடித்ததும் மன்றத்தின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்து எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் இத்தொழிலைச் செய்வது சட்டப்படி தண்டனைக்குரியது. பிள்ளைக்குத் தனிப் பயிற்சி தருகிறேன் என்று யாராவது வந்தால், பெற்றோர் அந்த எண்ணைக் கேட்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வேலை பற்றியும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அரசுத் திட்டத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் பலர் நிரந்தரம் இல்லாமல் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். சம்பளத்தை மட்டும் பார்த்தால் இது முதல் தேர்வாக இருக்காது. அதே சமயம் தேவை பெருகுகிறது. தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்பு ஆசிரியர் இருக்க வேண்டும் என விகிதம் வகுக்கப்பட்டிருக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2021-இல் இதை வலியுறுத்தியது. தனியார் பள்ளிகளும் கேட்கத் தொடங்கியுள்ளன. பயிற்சிக் காலத்தில் வெளியூர் தங்க வேண்டியிருக்கும். பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று தயங்கும் அத்தாமார்கள், முன்பு போய்வந்த சகோதரியின் அத்தாவிடம் பேசிப் பாருங்கள். அவரும் அப்படித் தயங்கியவர்தான்.

பிள்ளைகளின் உரிமைகளையும் இங்கே குறித்துவிடுகிறோம். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு சான்றளிக்கப்பட்ட பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. 'இவளை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்த முடியாது' என்று ஒரு பள்ளி நம் பிள்ளையைத் திருப்பி அனுப்பியபோது, சட்டத்தின் பெயரைச் சொல்லி எழுத்தில் பதில் கேட்டோம். மறு வாரம் சேர்த்துக்கொண்டார்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புத் தொடங்கியதுமே மருத்துவச் சான்றுடன் தலைமை ஆசிரியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய மாதம் ஓடுவதில் பயனில்லை.

அறக்கட்டளை எடுத்திருக்கும் முடிவு

கருவி கேட்டு வரும் விண்ணப்பங்களுக்கு இனி அந்த நான்கு கேள்விகளும் அடங்கிய படிவம் இருக்கும். பதிவுபெற்ற சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்து அதை நிரப்புவார். கருவி கொடுத்தால் அதோடு மூன்று மாதப் பழக்கமும் சேர்த்தே தரப்படும். அதனால் ஆண்டுக்கு 12 பேருக்குக் கொடுத்த இடத்தில் நான்கைந்து பேருக்குத்தான் கொடுக்க முடியும். அட்டைப்படமும் எடுக்கப்போவதில்லை.

இந்த ஆண்டு சிறப்புக் கல்வி பி.எட். அல்லது டிப்ளமோவில் சேரும் நம் பிள்ளைகளில் இருவருக்குக் கட்டணத்தில் பாதி தருவதாக முடிவு செய்திருக்கிறோம். பார்வைக் குறை, செவித்திறன் குறை ஆகியவற்றைச் சிறப்புப் பாடமாக எடுப்பவருக்கு முன்னுரிமை; அந்த இரண்டிலும் நம் வட்டாரத்தில் ஆள் இல்லை. ஸகாத் பெறத் தகுதியுள்ள குடும்பமா என்பதை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டு, அதன்படி ஸகாத் நிதியிலிருந்தோ ஸதகா நிதியிலிருந்தோ பணம் கொடுக்கப்படும். ஏற்கெனவே பி.எட். முடித்துப் பள்ளியில் வேலை பார்ப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். பட்டச் சான்றின் நகலோடு, வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்துக்கு வாருங்கள். அந்தச் சகோதரி அன்று மஃரிப் வரை அங்கே இருப்பார். படிப்பைப் பற்றிப் பெண்கள் அவரிடமே நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

பழைய 12 டேப்லெட்டுகளில் பயன்படாமல் இருப்பவற்றை, மனவருத்தம் இல்லையென்றால், திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். கண்ணாடி உடைந்தவற்றையும் கொண்டுவரலாம், சரிசெய்து கொள்வோம். அடகில் இருந்ததை மீட்டாயிற்று.

வஸ்ஸலாம்.